குட்டிக் குரலுக்கு வந்த நரி

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, எங்கள் பட்டிக்குள் ஐந்து ஆடுகள் செத்துக் கிடந்தன. இன்னும் இரண்டு உயிரோடு இருந்தன, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பின்தொடையில் சதை கிழிந்து தொங்கியது. நான் படலைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன். செத்ததில் ஒன்று சினை ஆடு. இன்னும் பத்து நாளில் ஈன்றிருக்கும்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். நான் ஒன்பது வருடம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். குனிந்தே நின்று கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டுவிட்டு ஆடு பிடித்தேன். எட்டில் ஆரம்பித்து இருபத்திரண்டு ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறார். ஆடுகள் முழுக்க முழுக்க என் பொறுப்பு. ஒவ்வொன்றின் இருமலும் எனக்குத் தெரியும்.

மில்லில் இருந்து அவர் வந்ததும் பட்டிக்குள் போய்க் குந்தவைத்து ஒவ்வொரு ஆடாகப் புரட்டிப் பார்த்தார்.

"நாயா இருக்கும் அம்மிணி," என்றார். "ஒண்ணையும் திங்கல பாரு. கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குது."

"நாயி எங்கீங்க வந்துச்சு? நம்ம செவலை சும்மா உட்ருமா? நரிதானுங்க. முந்தாநேத்து சாயங்காலம் ஓடைக்கரையில நின்னதை நாங் கண்ணால பாத்தேன்."

பார்த்தது உண்மை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது ஓடையின் மேட்டில் ஒரு நரி நின்றது. ஒல்லியாக, மண் நிறத்தில். என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். அது அவசரப்படாமல் இறங்கிப் போய்விட்டது. அந்த அவசரப்படாத நடை என் மனதில் திமிராகப் பதிந்திருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் செவலை நாய், வேலிக்கு அடியில் இருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து என் காலடியில் படுத்தது. பாவம், பயந்து ஓடிவிட்டது என்று நினைத்து அதன் காதைத் தடவிக் கொடுத்தேன்.

எழ முடியாத இரண்டும் அன்று மதியத்துக்குள் போய்விட்டன. ஏழு ஆடுகளையும் ஒரே குழியில் போட்டு மூடினோம்.

என் தம்பி அருள்புரத்தில் கட்டிங் மாஸ்டர். செய்தி கேட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவனிடம் ஒரு ஏர்கன் இருந்தது, தென்னையில் அணில் விரட்ட வாங்கியது. அதை எடுத்துக்கொண்டுதான் வந்தான். கூடவே போனில் நிறைய வீடியோக்களும் கொண்டுவந்தான். வெளிநாட்டில், பனி மூடிய வெட்டவெளியில், உடம்பு முழுக்க இலை வரைந்த சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் புதருக்குள் உட்கார்ந்து ஒரு குழலை ஊதுகிறார்கள். முயல் வலியில் கத்துவது போலச் சத்தம். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் இருந்து நம்மூர் நரி மாதிரியே, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று ஓடி வருகிறது. பிறகு வெடிச் சத்தம்.

"நாம தேடிட்டுப் போக வேண்டியதில்லைக்கா. அதுவே வரும். நாம வரவெக்கணும்," என்றான் தம்பி.

வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நரியச் சுட்டா ஃபாரஸ்ட்காரங்க புடிச்சு உள்ள வெச்சிருவாங்க மாப்ள. தெரியுமல்ல?" என்றார். "தெரியுங்க மாமா," என்றான். அவர் அதோடு எழுந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போனார். அவர் இன்னும் ரெண்டு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அன்று நான் யார் பேச்சைக் கேட்கும் நிலையில் இருந்தேன்?

தம்பிக்கு வாரம் ஒரு நாள்தான் லீவு. அதனால் நரியின் நடமாட்டத்தைப் பார்த்து வைக்கும் வேலை என்னுடையது. தினமும் ஆடுகளை மேயவிட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கினேன். தண்ணீர் இல்லாத ஓடை, மாவு மாதிரி மணல். முதல் இரண்டு நாள் எனக்கு எல்லாத் தடமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. போனில் கால்தடப் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் பிடிபட்டது. நாயின் கால் அகலமாக விரிந்து பதியும், அங்கேயும் இங்கேயும் அலைந்து போகும். நரியின் கால் ஒடுக்கமாக, நீளவாக்கில் இருக்கும், ஒரு கோடு போட்டாற்போல் நேராகப் போகும். செக்கிங்கில் வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறையைத் தேடிப் பழகிய கண் எனக்கு. மணலில் இது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை.

ஓடையின் நடுவில் ஒரு தட்டைக் கல். அதன் மேல் நரியின் விட்டை இருந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தேன். இலந்தைக் கொட்டை நிறைய இருந்தது, எலி மயிர் இருந்தது, வண்டின் ஓடு இருந்தது. ஆட்டு மயிர் ஒன்றுகூட இல்லை. அடுத்த இரண்டு நாளும் புதிதாகப் போட்டிருந்தது. அதிலும் இலந்தைக் கொட்டைதான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அதே கல்லுக்குத்தான் தினமும் வருகிறது, இடம் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த விட்டை என்ன சொல்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

தம்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வருவதற்கு முன்பே இரண்டு பேரும் ஓடைக்கு எதிரே வெள்வேல மரத்தடியில் போய் உட்கார்ந்தோம். காற்று கிழக்கில் இருந்து வந்தது. ஓடையும் கிழக்கே. அதனால் எங்கள் வாடை அதற்குப் போகாது. ஆனால் சூரியன் வந்துவிட்டால் எங்கள் கண்ணில் அடிக்கும். அதற்குள் முடிக்க வேண்டும். தம்பி சின்ன ஸ்பீக்கர் ஒன்றை இருபது அடி தள்ளி ஒரு புதருக்குள் வைத்துவிட்டு வந்தான். போனில் முயல் கத்தும் சத்தத்தைப் போட்டான். காடே அலறியது. மரத்தில் இருந்த மயில்கள் எல்லாம் பதிலுக்குக் கத்த ஆரம்பித்தன. சத்தத்தைக் குறைத்து மறுபடி போட்டான். பாதியில் அவனுடைய கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டார். ரிங்டோன் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தோடு ஒலித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். அந்த ஏழு ஆடும் செத்த பிறகு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு போனை ஊமையாக்கிவிட்டு உட்கார்ந்தோம். ஒரு கீரி வந்து ஸ்பீக்கரை மோந்து பார்த்துவிட்டுப் போனது. வேறொன்றும் வரவில்லை. முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததில் என் கழுத்து மரத்துவிட்டது.

"இது நம்மூர் முயல் இல்லையில்லக்கா, அதான் நம்பமாட்டீங்குது," என்றான் தம்பி.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. குட்டி செத்துப்போன தாய் ஆட்டிடம் வேறொரு குட்டியைப் பால் குடிக்கவிடும்போது, நான் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்து, பிறந்த குட்டி மாதிரி சன்னமாகக் கத்துவேன். தாய் ஆடு ஏமாந்து நிற்கும், மடி சுரக்கும். பட்டியில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

"ஸ்பீக்கர் வேண்டாம். அடுத்த வாரம் நாங் கத்தறேன்," என்றேன்.

மூன்றாவது ஞாயிறு. மண் சில்லென்று இருந்தது. வெள்வேல மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். தம்பி எனக்கு இடது பக்கத்தில் முழங்காலில் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருந்தான். ஓடைமேடு கறுப்புக் கோடாகத் தெரிய ஆரம்பித்ததும் கத்தினேன். இரண்டு தடவை சின்னதாக. கொஞ்சம் விட்டு, பசியில் கத்துவது போல மூன்றாவது தடவை இழுத்து.

வீடியோக்களில் அந்த மிருகம் சுற்றி வரும், நிற்கும், காற்றை மோந்து பார்க்கும், சந்தேகப்படும். இது அப்படி வரவில்லை. மேட்டின் மேல் தலை தெரிந்தது. அடுத்த நொடி கீழே இறங்கி, காதை நிமிர்த்திக்கொண்டு, நேராக என்னை நோக்கி ஓடி வந்தது. எதையும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்க்கவில்லை. பதினைந்து அடி தூரத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தது.

தம்பி சுட்டான்.

ஏர்கன் சத்தம் பெரிதாக இருக்காது, கதவுத் தாழ்ப்பாள் விழுவது மாதிரிதான். நரி துள்ளி விழுந்து எழுந்து ஓடப் பார்த்தது. இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை. முன்னங்கால்களால் மண்ணைப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டு போனது. ஓடைப் பக்கமாகத்தான் போனது. தம்பி இன்னொரு குண்டு போடும்போது கீழே சிந்திவிட்டான். தேடினான், கிடைக்கவில்லை. "அக்கா, என்னால ஆவாதுக்கா," என்றான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான்.

ஆடு மேய்க்கும் தொரட்டியின் மூங்கில் என் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். முதல் அடி தோளில் விழுந்தது. அது திரும்பி மூங்கிலைக் கடித்தது, ஆனால் சத்தம் போடவில்லை. எத்தனை அடி என்று எனக்கு ஞாபகம் இல்லை. அடங்கிய பிறகும் அடித்தேன் என்று தம்பி சொல்கிறான். செத்த சினை ஆட்டை நினைத்துக்கொண்டு அடித்தேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

குழி தோண்டும் இடத்துக்கு இழுப்பதற்காகக் காலைப் பிடித்துப் புரட்டினேன். அடிவயிற்றில் மயிர் உதிர்ந்திருந்தது. காம்புகள் கனத்துச் சிவந்திருந்தன. புரட்டிய வேகத்தில் ஒன்றில் இருந்து பால் கசிந்து மண்ணில் சொட்டியது.

தம்பியும் பார்த்துவிட்டான். "குட்டி போட்டிருக்குது போல இருக்குதேக்கா."

"வாய மூடிட்டுத் தோண்டுடா," என்றேன்.

அவன் அன்று சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்காரரிடம் "வரவே இல்லீங்க" என்று சொன்னேன். அவர் என் சேலையில் இருந்த கறையைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் ஆடுகளை விட்டுவிட்டு ஓடைக்குள் நடந்தேன். தடம் பார்க்கத்தான் இப்போது தெரியுமே. தட்டைக் கல்லைத் தாண்டி முந்நூறு அடி போனதும், கரையில் இலந்தைப் புதருக்குக் கீழே ஒரு வளை. வாயில் மண் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மண்டியிட்டுக் காதை வைத்தேன். உள்ளே இருந்து சத்தம் வந்தது. சன்னமான சத்தம். மரத்தடியில் உட்கார்ந்து நான் போட்ட சத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அது ஏன் நிற்காமல், மோந்து பார்க்காமல், நேராக ஓடி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அது இரை தேடி வரவில்லை. தன் குட்டி எப்படியோ வெளியே வந்து வழி தெரியாமல் கத்துகிறது என்று வந்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடி ஒரு தட்டில் ஆட்டுப்பால் கறந்து எடுத்துக்கொண்டு வந்து வளை வாயில் வைத்தேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், தோள்வரைக்கும் போயும் எட்டவில்லை. மறுநாள் போனபோது பாலில் எறும்பு மிதந்தது. தட்டுக்குப் பக்கத்தில் செத்த எலி ஒன்று கிடந்தது, நான் வைத்ததல்ல. சுற்றிலும் புதிய தடம், செத்ததன் தடத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஆண் நரி கொண்டுவந்து போட்டிருக்கிறது. உள்ளே இருந்தவற்றுக்குப் பல் முளைத்திருக்காது. எலியை யாரும் தொடவில்லை.

புதன்கிழமை ஒரு குட்டி வளைக்கு வெளியே செத்துக் கிடந்தது. என் உள்ளங்கை அளவு. கண் பாதிதான் திறந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு எலி. வியாழக்கிழமை காதை வைத்து வெகுநேரம் கேட்டேன். சத்தமே இல்லை.

அந்தக் குட்டியை இலந்தைக்குக் கீழேயே புதைத்தேன். பாவம் தீர்ந்துவிட்டதாகவெல்லாம் தோன்றவில்லை. ஆனால் என் மனதில் அப்போதும் ஒரு பிடி இருந்தது. செஞ்சது தப்புதான், இருந்தாலும் அது என் ஏழு ஆட்டைக் கொன்றது, இனிமேல் பட்டிக்குப் பயம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பிடி எட்டு நாள்தான் நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போது பட்டியில் மறுபடியும் நாலு ஆடு. அதே மாதிரி, பின்தொடையில், தின்னாமல். படலுக்கு வெளியே புழுதியில் தடங்கள் இருந்தன. இந்தத் தடவை எனக்குப் படிக்கத் தெரிந்தது. அகலமான கால்கள். அங்கேயும் இங்கேயும் அலைந்த கால்கள். நரி ஒன்றுமே இல்லை. நாய், மூன்று அல்லது நாலு. நரியைக் கொல்வதற்காகக் கற்றுக்கொண்ட பாடம், அது செத்த பிறகு எனக்குப் பயன்பட்டது.

எங்கள் காட்டை ஒட்டி ரோட்டோரத்தில் ஒரு பனியன் வேஸ்ட் குடோன் இருக்கிறது. அதன் முதலாளியை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம், நல்ல மனிதர். ஒன்பது மணிக்கு அவரே வேலிப் பக்கம் வந்து கூப்பிட்டார்.

"அம்மா, சித்த வாங்க. கேமராவுல ஒண்ணு விழுந்திருக்குதுங்க. சொல்றதுக்கே சங்கடமா இருக்குது. ஆனா நீங்க பாத்துடறது நல்லது."

வீட்டுக்காரரும் நானும் போனோம். ஒடிசாவில் இருந்து வந்த வாட்ச்மேன் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினான். கறுப்பு வெள்ளையில் ரோடு தெரிந்தது. கோழிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டும் பாலத்தின் பக்கத்தில் இருந்து மூன்று தெருநாய்கள் வந்தன. எங்கள் வேலி ஓரத்தில் நின்றன. உள்ளே இருந்து நாலாவது நாய் ஒன்று, வேலிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. வாலை ஆட்டியது. ஒன்றை ஒன்று மோந்து பார்த்துக்கொண்டன. பிறகு அது திரும்பி முன்னால் நுழைய, மற்ற மூன்றும் பின்னால் நுழைந்தன. வாட்ச்மேன் படத்தை நிறுத்திவிட்டு விரலால் தொட்டுக் காட்டினான்.

"தீதி, ஆப்கா," என்றான். அக்கா, உங்களுடையது என்று.

எனக்கு அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் காதை நான் தடவாத நாள் இல்லை.

திரும்பி வரும்போது நானாகவே வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தேன். நரியைக் கொன்றது, பால் கசிந்தது, வளை, எலி, உள்ளங்கைக் குட்டி எல்லாவற்றையும் ரோட்டில் நடந்துகொண்டே சொன்னேன். அவர் நின்று கேட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார். பிறகு, "சொன்னதோட உட்டுட்டேன். மில்லுல இருந்து வந்த அலுப்பு. எனக்கும் அதுல பங்கு இருக்குது," என்றார்.

செவலையைச் சங்கிலியில் கட்டினோம். தம்பிக்குப் போன் செய்து, நீ வந்து சுட்டுவிடு என்றேன். "துப்பாக்கிய அன்னிக்கே கொடுத்துட்டேன்க்கா. யார்கிட்டன்னு கேக்காத," என்றான். போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அழுதான். முப்பது வயது தாண்டிய ஆள்.

நாய்க்குத் தண்ணீர் வைப்பேன், சோறு வைப்பேன். அது வழக்கம்போல என்னைப் பார்த்து வாலை ஆட்டும். அது செய்தது என்னவென்று அதற்குத் தெரியாது என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செய்தது என்னவென்று தெரிந்தவள் அந்தக் காட்டில் நான் ஒருத்திதான். ஆனி மாதத்தில் ஒரு நாள் நான் சந்தைக்குப் போய்விட்டு வந்தபோது சங்கிலி மட்டும் கிடந்தது. "தூரமாக் கொண்டுபோய் உட்டுட்டேன் அம்மிணி," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. விட்டாரா, வேறேதும் செய்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று சந்தைக்குப் போனது மீதியிருந்த பதினோரு ஆடுகளையும் விற்கத்தான். வாங்கியவர் வண்டியில் ஏற்றும்போது நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இப்போது மறுபடியும் அருள்புரத்தில், வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஆடு வைத்திருந்தீர்களே, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பக்கத்து டேபிள் பெண்கள் கேட்பார்கள். நாய் கடித்துவிட்டது என்று சொல்வேன். அடப்பாவமே என்பார்கள். பொய் இல்லை. அதற்கு மேல் நான் அவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை.